ஞாயிற்றுக்கிழமை திறக்காத போன்

இல்லை, புறாவை உடைத்தவள் ஒதீலியா இல்லை. தூய ஆவித் திருவிழாச் செங்கோலின் நுனியில் இருந்த அந்த வெள்ளிப் புறா எப்படி உடைந்தது என்று நான் கண்ணால் பார்த்தேன். ஃபௌஸ்தினா பார்க்கவில்லை. ஆனால் இன்று காலை ரொட்டிக்கடை வரிசையில் நின்றுகொண்டு கால்ட் நகரத்துக்கே அவள்தான் கதை சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கிரீடம் வீட்டுக்குள்ள இருக்கு, தூய ஆவி வந்து உக்காந்திருக்காரு, அப்பப் போயி செங்கோலைத் தூக்கிப் புருஷன் மேல எறிஞ்சா பாரு! அப்புறம் அந்த மேனேஜர் காருல ஏறிப் போயிட்டா."

"நீ அன்னைக்கு எங்கடி இருந்தே?" என்று கேட்டேன்.

"ஏன், அவங்க வீட்லதான்."

"வீட்ல எங்க?"

"கார் ஷெட்ல. சூப் ஊத்திக்கிட்டிருந்தேன்."

"ஷெட்டுக்கும் கூடத்துக்கும் நடுவுல ரெண்டு சுவரு இருக்கு. உன் கண்ணு சுவரைத் துளைக்குமா?"

"எல்லாரும் சொல்றாங்க அத்தே."

"எல்லாரும் சொல்றதுக்கு மொதல்ல சொன்னவ நீதானேடி."

கடைக்காரன் சிரித்துவிட்டான். ஃபௌஸ்தினா இனிப்பு ரொட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் அம்மாவின் காலில் புண். வாரம் இருமுறை ஒரு நர்ஸ் வந்து கட்டு மாற்றுகிறாள். அந்த நர்ஸின் பையில் இருக்கிற பொத்தான் போன், ஒதீலியா அடிபட்டு வாங்கித் தந்த போன். அது ஃபௌஸ்தினாவுக்குத் தெரியாது. தெரிந்தாலும் வாயை மூடமாட்டாள். அதனால் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.

ஒதீலியாவும் நானும் ஒரே தீவு. அவள் சின்னப் பெண்ணாக இந்த ஊருக்கு வந்தாள். அப்பா மீன்பிடிக்காரர். கடலே இல்லாத இந்த ஊரில் என்ன செய்வதென்று தெரியாமல் தோல் பதனிடும் கூடத்தில் வேலை பார்த்து, அந்த நாற்றத்திலேயே செத்துப்போனார். இவள் வடக்குச் சாலையில் இருக்கிற போன் கம்பெனியில் சேர்ந்தாள். முதலில் பொத்தான் பதிக்கும் வரிசையில் வேலை. பிறகு கெட்டுப்போன போனைத் திருத்துகிற மேசை. வாய் நன்றாகப் பேசும், மூன்று மொழியில் பேசும், அதனால் விற்கிற பிரிவுக்கு அனுப்பினார்கள். பெரிய ஆபீஸ்களுக்குப் போய் மொத்தமாக விற்கிற வேலை. அப்போது கோட்டு போட்ட ஆட்கள் எல்லோர் கையிலும் அந்தப் போன்தான். மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டு, பார்க்காமலே விரலால் தட்டுவார்கள். ஒதீலியா என் சமையலறையில் அவரைக்காய் உரித்துக்கொண்டே தட்டுவாள். அவரையும் தப்பாது, எழுத்தும் தப்பாது.

அவள் கட்டிக்கொண்டது ஜெர்வாசியோவை. பன்றி இறைச்சிக் கூடத்தில் கத்தி பிடிக்கிறவன். பார்க்க லட்சணமாக இருப்பான், ஃபாதர் எதிரில் குரல் உயர்த்தமாட்டான், அக்கார்டியன் வாசிப்பான். குளிர்காலத்தில் எங்கள் ஆட்கள் யாராவது பண்ணையில் பன்றி அறுத்தால் கத்தியோடு அவனைத்தான் கூப்பிடுவார்கள்.

ஒரு வருஷம் நான் இரத்தம் பிடிக்கிற சட்டியோடு நின்றேன். இரத்தம் கட்டியாகாமல் இருக்கக் கையை விட்டுக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். கயிறு நழுவி, பாதி அறுத்த பன்றி எழுந்து ஓடியது. பனி முழுக்கச் சிவப்பு. பிள்ளைகள் அலறினார்கள். ஆண்கள் சிரித்தார்கள். ஜெர்வாசியோ சிரிக்கவில்லை. துரத்திப் பிடித்து, மேலே ஏறி உட்கார்ந்து, சுத்தியலால் மண்டையில் அடித்தான். பன்றி செத்துப்போனது. அவன் நிறுத்தவில்லை. தலை கூழாகிற வரைக்கும் அடித்தான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "என்னைப் பாத்து ஓடலாமா அது?" என்று கேட்டான். ஒதீலியா என் பக்கத்தில் நின்றிருந்தாள். அவள் முகத்தை நான் திரும்பிப் பார்த்தேன். அவள் பன்றியைப் பார்க்கவில்லை, அவன் கையைத்தான் பார்த்தாள். அந்தக் கை அவளுக்கு ஏற்கெனவே பழக்கம் என்று அப்போதுதான் புரிந்தது.

பிறகு பொத்தானே இல்லாத, தொட்டால் வேலை செய்கிற கண்ணாடி போன் வந்தது. பிள்ளைகள் வாங்கினார்கள், பெற்றவர்கள் வாங்கினார்கள், கடைசியில் கோட்டு போட்டவர்களும் வாங்கினார்கள். கம்பெனியில் ஒவ்வொரு கட்டடமாக விளக்கு அணைந்தது. வெள்ளிக்கிழமை வந்தால் யாருக்காவது வழியனுப்பும் கேக் வெட்டுவார்களாம். "அந்தக் கேக்கைத் தின்னு தின்னு எனக்கு இனிப்பே புடிக்காமப் போச்சு அத்தே" என்பாள்.

கைவிட்டுப் போன ஆபீஸ்களைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். அதைச் செய்யாவிட்டால் விற்கிற பிரிவையே மூடிவிடுவார்கள். இவளுடைய மேனேஜர் பிரூயிட், வழுக்கைத் தலை, பயந்த சுபாவம், நல்ல மனுஷன். அவர் எல்லோரிடமும் யோசனை கேட்டார். நாமும் கண்ணாடி போன் செய்வோம் என்றான் ஒருவன். விளையாட்டு நிறைய போடுவோம் என்றான் இன்னொருவன். ஒதீலியா எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு, விட்டுப்போன ஆபீஸ் ஒன்றுக்கே நேரில் போனாள். வீடு வீடாக நர்ஸ்களை அனுப்புகிற கம்பெனி அது. அதை நடத்துகிற ஹால்டேன் அம்மாளும் முன்னாள் நர்ஸ்தான்.

"எங்க போன்ல என்னம்மா குறை? ஏன் விட்டீங்க?" என்று சண்டைக்காரி மாதிரி கேட்டிருக்கிறாள்.

"உங்க போன்ல ஆபீஸ் மட்டும்தான் இருக்கு. வீடு இல்ல" என்றாராம் அந்த அம்மாள். "என் பொண்ணுங்க பிள்ளை போட்டோ பாக்கணும், அம்மாவோட பேசணும். ஆளுக்கு ரெண்டு போன் தூக்கிக்கிட்டு அலையறாங்க. உங்களோடது கார்லயே செத்துக் கெடக்குது."

அதற்கும் பதில் கம்பெனியிலேயே இருந்தது. இன்ஜினியர்கள் ஒரே போனுக்குள் இரண்டு அறை கட்டிவைத்திருந்தார்கள். ஒன்று வேலை அறை, ஒன்று வீட்டு அறை. நடுவில் சுவர். வேலை அறை ஆபீஸுக்குச் சொந்தம், வேண்டுமானால் அவர்கள் தூரத்திலிருந்தே அழித்துவிடலாம். வீட்டு அறையை யாரும் எட்டிப் பார்க்க முடியாது. கையுறை போட்ட விரலுக்கும் பொத்தான் கேட்கும். இதையெல்லாம் ஒதீலியா எனக்கு விளக்கினாள். "சாமி படம் எந்த அறைல மாட்டறது?" என்று கேட்டேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

ஹால்டேன் அம்மாள் சிரிக்கவில்லை. அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அடிச்சுக் கேட்டா?"

"என்னம்மா?"

"என் பொண்ணுங்க போற வீட்ல பாதிப் பேரு புருஷன் கையால உடைஞ்சவங்க. அவனுக்குத் தெரியாம ஒளிஞ்சிருக்கறவங்களும் இருக்காங்க. எந்த வீடு, எந்தத் தெருன்னு எல்லாம் போன்லதான் இருக்கு. ஒருத்தன் என் நர்ஸை மடக்கி, அடிச்சு, போனைத் திறன்னா? அவ திறந்துதான் கொடுப்பா. நானா இருந்தாலும் கொடுப்பேன். இதுக்குப் பதில் சொல்லு, ஆர்டர் தரேன்."

ஆர்டர் வாங்காமலே ஒதீலியா எழுந்தாள். சோதித்துப் பார்க்கட்டும் என்று சில போன்களை மட்டும் அங்கே விட்டுவிட்டு வந்தாள். சோதனையைக் கவனிக்கிறவள் என்பதால், நர்ஸ்கள் போகிற வீட்டு விலாசங்கள் எல்லாம் அவள் போனின் வேலை அறையிலும் இருந்தன.

ஜெர்வாசியோவுக்கு அந்தச் சுவர் பிடிக்கவில்லை. பெண்டாட்டியின் போனில் தான் நுழைய முடியாத அறை ஒன்று இருக்கிறது. அதில் எவன் இருக்கிறான்? அதுதான் அவன் கேள்வி. முதல் போனை இறைச்சி தட்டுகிற கட்டையால் நசுக்கினான். இரண்டாவதை அடுப்பில் போட்டான். கம்பெனி மூன்றாவது கொடுத்தது. அப்போது அவன் போனை விட்டுவிட்டான். அவள் வலது கையைப் பிடித்துச் சமையலறை இழுப்பறைக்குள் வைத்து, இடுப்பால் மோதி மூடினான். ஒவ்வொரு முறை மூடும்போதும் பாஸ்வேர்டைக் கேட்டான். மூன்று விரல் ஒடிந்துபோயிற்று.

கட்டுப் போட்ட கையோடு என் வீட்டுக்கு வந்தாள். பனியில் வழுக்கியதாக ஆபீஸில் சொன்னாளாம். என்னிடம் அந்தப் பொய்யைச் சொல்லவில்லை.

"சொல்லித் தொலைச்சிருக்கலாமேடி" என்றேன். "அதுல அப்படி என்னதான் வெச்சிருக்கே?"

"என்னோடது ஒண்ணுமில்ல அத்தே. ஒளிஞ்சிருக்கற பொம்பளைங்க வீடு இருக்கு. அதுல ஒருத்தி இவனோட வேலை பாக்கறவன் பொண்டாட்டி. இவன் பாத்தா சாயங்காலமே அவன்கிட்டச் சொல்லிடுவான்."

"அப்ப நல்லவேளை, வாயத் திறக்கல."

அவள் இடது கையால் கரண்டியைக் கீழே வைத்தாள். சூப் ஆறிப்போயிற்று.

"திறக்கப் போனேன் அத்தே. நாலாவது வாட்டி இழுப்பறையைத் திறந்தான். பாஸ்வேர்ட் நாக்கு நுனி வரைக்கும் வந்திருச்சு. அந்த நேரம் பாத்து அவனுக்கு இறைச்சிக் கூடத்துல இருந்து போன் வந்துச்சு, போயிட்டான். அவ்வளவுதான். ஹால்டேன் அம்மா சொன்னது நெசம். அடிச்சா சொல்லிடுவோம்."

மறுநாள் அவள் இன்ஜினியர்களிடம் போய்க் கட்டுப்போட்ட கையை மேசைமேல் வைத்தாள். "நானே நெனச்சாலும் திறக்க முடியாத மாதிரி செய்யுங்க" என்றாள். வேலை நேரம் முடிந்ததும் வேலை அறை தானே பூட்டிக்கொள்ள வேண்டும். மறுபடி வேலை நாள் விடிந்து, ஆபீஸ் அங்கிருந்து திறந்துவிட்டால்தான் திறக்க வேண்டும். நடுவில் வைத்திருக்கிறவளே சரியான பாஸ்வேர்டைப் போட்டாலும் திறக்கக்கூடாது. பத்து முறை யாராவது குடைந்தால் உள்ளே இருப்பது எல்லாம் அழிந்துபோக வேண்டும். இப்படி ஒரு போனை யார் வாங்குவார்கள் என்று ஒருத்தன் கேட்டானாம். "எனக்குத் தெரிஞ்ச ஆளுங்க இருக்காங்க" என்றாளாம். பிரூயிட் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார். அன்று முதல் அவருக்கும் உண்மை தெரியும். நமக்கெல்லாம் தெரிந்த மாதிரிதான், தெரிந்தும் ஒன்றும் செய்யாமல்.

அந்த வருஷம் வாரம் ஒரு வீட்டில் வைக்கிற தூய ஆவியின் கிரீடத்துக்குச் சீட்டுப் போட்டபோது ஒரு வாரம் ஜெர்வாசியோ பேருக்கு விழுந்தது. கிரீடம் வீட்டுக்கு வந்தால் கூடத்தில் பீடம் கட்டி, பூவும் மெழுகுவர்த்தியும் வைத்து, அதன்மேல் கிரீடத்தையும் செங்கோலையும் வைக்க வேண்டும். சாயங்காலம் எல்லோரும் வந்து ஜெபமாலை சொல்வோம். வாசல் கதவைச் சாத்தக்கூடாது, யார் வந்தாலும் சோறு போட வேண்டும். அந்த வாரம் அந்த வீட்டில் கை ஓங்கக்கூடாது, குரலும் கூடாது. ஜெர்வாசியோ சுவருக்கு வெள்ளையடித்தான். புதுச் சட்டை தைத்தான். ஒதீலியா பீடத்துக்குத் துணி மடித்துக்கொண்டே என் காதில், "இந்த ஒரு வாரம் நிம்மதியாத் தூங்குவேன் அத்தே" என்றாள்.

தூங்கவும் தூங்கினாள். கன்னத்தில் கொஞ்சம் நிறம்கூட வந்தது. கடைசி நாள் ஞாயிறு, பூசை முடிந்து எல்லோருக்கும் சூப். யார் வேண்டுமானாலும் வரலாம் என்பதால் அவள் பிரூயிட்டையும் ஹால்டேன் அம்மாளையும் வரச்சொல்லியிருந்தாள். வீட்டில் நாலு பேர் இருக்கிறபோது புதுப் போனைப் பற்றிச் சாவகாசமாகப் பேசலாம் என்று நினைத்தாள். கிரீடத்தை அவ்வளவு நம்பினாள். ஷெட்டில் இறைச்சியும் முட்டைக்கோசும் புதினாவும் கொதித்தன. ஆண்கள் பீப்பாய் ஒயினை எடுத்துவிட்டார்கள். ஜெர்வாசியோ பிரூயிட்டுக்குத் தானே தட்டு நிறைய ஊற்றிக் கொடுத்து, கூடத்தில் பீடத்துக்குப் பக்கத்தில் உட்காரவைத்தான். நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

"நீங்கதானா மேனேஜரு?" என்றான். "எம் பொண்டாட்டி போன்ல இருக்கற ஆளு?"

பிரூயிட்டுக்கு எங்கள் மொழி தெரியாது. சிரித்துத் தலையாட்டினார். தலையாட்டியிருக்க வேண்டாம்.

ஒதீலியா ரொட்டித் தட்டோடு வந்தாள். அவன் அவளுடைய சமையல் மேலங்கிப் பையில் கையை விட்டு அந்தப் புதுப் போனை உருவினான்.

"இன்னைக்கு எல்லார் முன்னாலயும் பாத்துடலாம். பாஸ்வேர்ட் என்ன?"

"ஞாயித்துக்கெழம அது திறக்காது ஜெர்வாசியோ. எனக்கே திறக்காது."

"போன் வெச்சிருக்கறவளுக்கே திறக்காதாம்!" அவன் சிரித்தான். கூடத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். விளையாட்டென்று நினைத்துவிட்டார்கள். ஒயின் வேறு. "நம்ம ஊருப் பொம்பளைக்கு என்ன பாஸ்வேர்ட் வரும்? நாலஞ்சுதானே! சொல்லுங்கடா!"

"மாமியார் பேரப் போடு!" என்று ஒருவன் கத்தினான்.

"மாமியார் பேரையா? அவளா? நாய் பேரப் போட்டாலும் போடுவா!" என்றான் இன்னொருவன்.

"ஊர் பேரு போடு!"

"மாதா பேரு!"

"இஸ்பிரீத்து சாந்துன்னு போட்டுப் பாரு, எங்க வீட்ல எல்லாரோடதும் அதுதான்!"

இஸ்பிரீத்து சாந்து என்றால் எங்கள் மொழியில் தூய ஆவி. தீவிலிருந்து வந்த ஜனம். கோழிக்கூண்டுப் பூட்டுக்கும் பாங்குக் கணக்குக்கும் ஒரே சாமி பேரைத்தான் வைப்போம். வேறு விதமாக ஒருத்தி இருப்பாள் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஒவ்வொரு பேராகத் தட்டினான். ஒவ்வொரு முறையும் போன் மறுத்தது. ஒவ்வொரு முறையும் சிரிப்புப் பெரிதானது. அது இப்போது போனைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில்லை, அவனைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு. அவன் காது மடல் சிவந்தது. பன்றிமேல் உட்கார்ந்திருந்தபோதும் அப்படித்தான் சிவந்திருந்தது.

"போதும், குடு" என்று நான் எழுந்தேன்.

பத்தாவதாகத் தன் பேரையே தட்டினான். போன் ஒரு முறை நடுங்கி இருண்டுபோனது.

"அழிஞ்சிருச்சு" என்றாள் ஒதீலியா. "உள்ள ஒண்ணுமில்ல. இனிமே யாரு பாத்தாலும் ஒண்ணுமில்ல."

அவள் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. அவன் கை பக்கத்தில் எது கிடைத்ததோ அதை எடுத்தது. கிடைத்தது பீடத்திலிருந்த செங்கோல். முதல் அடி தோளில். ரொட்டியெல்லாம் சிதறியது. இரண்டாவது அடி காறை எலும்பில் விழுந்தது, காய்ந்த விறகு ஒடிகிற சத்தம் எனக்குக் கேட்டது. புறா உடைந்தது அந்த அடியில்தான், அவள் எலும்பின் மேல்தான். கழுத்தைக் கிழித்துக்கொண்டு பறந்துபோய்ப் பிரூயிட்டின் சூப்பில் விழுந்தது. அந்த மனுஷன் மடியில் தட்டோடு உட்கார்ந்தபடியே வாந்தி எடுத்தார். எழுந்து நிற்கக்கூட முடியாத அவர் காரில்தான் இவள் ஓடிப்போனாளாம்!

மூன்றாவது அடிக்கு ஓங்கும்போது நான் கிரீடத்தின் கீழிருந்த மெழுகுவர்த்தித் தாங்கியை எடுத்து அவன் முழங்கையில் போட்டேன். அதற்கு என்ன பாவமோ, நான் சுமந்துகொள்கிறேன். செங்கோல் கீழே விழுந்தது. அதற்குப் பிறகுதான் நான்கு ஆண்பிள்ளைகளுக்குக் கால் முளைத்தது. அவனைச் சுவரோடு சாய்த்துப் பிடித்தார்கள். வெள்ளையடித்த சுவரில் அவன் புதுச் சட்டையின் இரத்தம் அப்பியது. அவள் இரத்தம்.

ஹால்டேன் அம்மாள் தரையில் மண்டியிட்டு, பீடத்துத் துணியை உருவிச் சுருட்டி அவள் கழுத்தில் அழுத்தினார். வெள்ளைத் துணி, நான் பின்னிய ஓரம், நொடியில் நனைந்துவிட்டது.

"அசையாதே" என்றார். "நல்லா அழுத்திப் புடி."

"அம்மா, போன்" என்றாள் ஒதீலியா. "போனைப் பாருங்க."

"போன் கெடக்கட்டும்!"

"இல்ல, பாருங்க. அடிச்சுக் கேட்டா என்னன்னு கேட்டீங்களே. அடிச்சுக் கேட்டான். சொல்ல என்கிட்ட ஒண்ணுமில்ல."

ஹால்டேன் அம்மாள் போனை எடுத்துப் பார்த்தார். இருட்டாக இருந்தது. அதைத் தன் பையில் போட்டுக்கொண்டார். அப்போதே ஆர்டர் என்று அவர் வாயால் சொல்லவில்லை. சொல்கிற இடமா அது? ஆனால் அந்தப் பையின் வாயை அவர் மூடிய விதத்தைப் பார்த்தேன், எனக்குப் புரிந்துவிட்டது.

"போன் தப்பிச்சுது, அந்தப் பொண்ணுங்களும் தப்பிச்சாங்க" என்றார் அவர். "உன்னை அது காப்பாத்தலயேம்மா. போறதுக்கு உனக்கு வேற எடம் இருக்கா?"

ஒதீலியா சுவரோடு பிடித்து வைத்திருந்த அவனைப் பார்த்தாள். அவன் அழுதுகொண்டிருந்தான். "கிரீடத்து முன்னால என்னைப் பாத்து எல்லாரையும் சிரிக்க வெச்சுட்டாளே" என்று அழுதான். புறாவுக்காக இரண்டு பெண்கள் அழுதார்கள். அவளுக்காக அழுத குரல் எதுவும் என் காதில் விழவில்லை.

அவள் என் கையைப் பிடித்து எழுந்தாள். மேலங்கியின் முடிச்சை ஒரு கையால் அவிழ்க்க முடியவில்லை, நான் அவிழ்த்தேன். அதை மடித்துப் பீடத்தின் படியில் வைத்தாள். கிரீடத்துக்குத் தலைகுனிந்தாள். ஆமாம், குனிந்தாள், அந்த வலியோடு குனிந்தாள். இதையும் ஃபௌஸ்தினாவிடம் போய்ச் சொல்லுங்கள்.

"எங்கடி போறே?" என்றான் அவன்.

"கதவு தெறந்துதானே இருக்கு" என்றாள்.

கிரீடம் வந்த வாரம், கதவைச் சாத்த அங்கே யாருக்கும் உரிமை இல்லை. படியில் உட்கார்ந்திருந்தவர்கள் சூப் தட்டோடு ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் துணியை அழுத்திக்கொண்டே ஹால்டேன் அம்மாள். யாருடைய காரிலும் ஏறவில்லை. ஷெட்டைத் தாண்டும்போது ஃபௌஸ்தினா சூப் ஆவிக்கு நடுவில் அகப்பையோடு நிமிர்ந்து, எங்கள் முதுகை மட்டும் பார்த்து, "என்ன அத்தே, அதுக்குள்ள கெளம்பிட்டீங்க, சூப் சாப்பிடலியா?" என்று கேட்டாள். ஒதீலியா திரும்பிப் பார்க்காமல் தெருவில் இறங்கி நடந்தாள்.